திக்கலை ஒளிக்காமல் வாழ்வதும் வேலை செய்வதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் ஓர் ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர் வேலைகளை ஒருங்கிணைப்பவராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு நாள் மாலை தையல் நூல் கடைக்குத் தொலைபேசியில் ஆர்டர் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வேண்டிய நிறம் கருநீலம். ‘க’ என்று தொடங்கியதும் நாக்கின் பின்பகுதி மேலே போய் ஒட்டிக்கொண்டது, இறங்கவில்லை. மூச்சும் அங்கேயே நின்றது. மறுமுனையில் கடைக்காரர், “ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முதல் இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டு “நீலம்” என்று மட்டும் சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். மறுநாள் காலை பளிச்சென்ற நீலத்தில் நூல் கோன்கள் வந்து இறங்கின. ஒரு தையல் லைன் அரை நாள் நின்றது. மேலாளர் கேட்டபோது, கடைக்காரர் மாற்றி அனுப்பிவிட்டார் என்றேன். என் கண் முன்னாலேயே அவரை அழைத்துத் திட்டினார்கள்.

அந்த எழுத்தில் நான் திக்கி நின்றிருந்தால் ஐந்து விநாடியோ பத்து விநாடியோ ஆகியிருக்கும். அதை மறைத்ததற்கு அரை நாள் உற்பத்தியும், ஒரு பொய்யும், ஒரு பாவமும் அறியாத மனிதர் வாங்கிய ஏச்சும் விலையாயின. திக்கிப் பேசுபவர்கள் பலருடைய வாழ்க்கையில், திக்கலைவிட அதை மறைக்கப் படும் பாடுதான் கனமானது என்பதை அதன் பிறகுதான் மெல்ல மெல்ல உணர்ந்தேன். ஆகவே, திக்கலை ஒழிப்பது எப்படி என்பதை இங்கே நான் எழுதவில்லை. திக்கலோடு, அதை ஒளிக்காமல், வீட்டிலும் வேலையிடத்திலும் உள்ளபடியே இருப்பதற்கு எங்கிருந்து தொடங்க வேண்டும், எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை எழுதுகிறேன். வேலை பார்க்கும், அல்லது வேலை தேடும் பெரியவர்களுக்காக எழுதியது இது. குழந்தைகளுக்குத் தர வேண்டிய பயிற்சி வேறு.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பெரியவர்களில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவர் திக்கிப் பேசுகிறார். குழந்தைகளை எடுத்துக்கொண்டால் 100-க்குச் சுமார் 5 பேருக்கு, பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், திக்கல் தோன்றுகிறது; அவர்களில் பெரும்பாலோருக்கு அது வளர வளர மறைந்துவிடுகிறது. மறையாதவர்களே நாம். பெரியவர்களில் திக்கும் பெண் ஒருவருக்குத் திக்கும் ஆண்கள் நால்வர் என்ற கணக்கில் ஆண்களே அதிகம். ஆனால் பெண்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைக்க வேண்டிய நிலையில் வைக்கப்படுகிறார்கள் என்பது நான் பார்த்தறிந்தது.

திக்கலுக்குக் காரணம் பயமோ, அறிவுக் குறைவோ, வளர்ப்போ அல்ல. பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகளுக்கு இடையேயான இணைப்புகளில் வேறுபாடு இருப்பதை மூளைப் படங்கள் காட்டுகின்றன; 2010-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், திக்கலோடு தொடர்புடைய மாற்றங்களை மூன்று மரபணுக்களில் கண்டறிந்தார்கள். பயம் திக்கலைக் கூட்டும், உண்டாக்காது. திக்குபவரைப் போலப் பேசிக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று பாட்டிமார் சொல்வதிலும் உண்மை இல்லை. வாயில் கூழாங்கல் போட்டுப் பேசச் சொல்வது கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் பற்றிய கதையிலிருந்து உலகம் முழுவதும் பரவியது; கல் தொண்டையில் சிக்கும் என்பதைத் தவிர அதனால் ஆவது ஒன்றும் இல்லை. 1841-இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர், திக்கலை நிறுத்துவதற்காக நோயாளிகளின் நாக்கில் ஆப்பு வடிவத்தில் தசையை வெட்டி எடுத்தார். நாக்கில் குறை இல்லை என்பது தெரியாத காலம் அது. இன்றும் நாக்கைக் குறை சொல்லும் வைத்தியம் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒப்பிக்கும்போதும், தனியே நாயோடு பேசும்போதும் பெரும்பாலும் திக்கல் வராது. இதைப் பார்த்துவிட்டுத்தான், “பாடறப்போ நல்லா வருதே, பேசறப்போ மட்டும் ஏன்?” என்று வீட்டார் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நம்மையே சந்தேகப்பட வைக்கும். திக்கலின் இயல்பே அதுதான், நீங்கள் நடிக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. இதுவரை திக்காத ஒருவருக்குப் பெரிய வயதில் திடீரென்று பேச்சு திக்கினால் அது வேறு விஷயம். பக்கவாதத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதற்படி: ஒளிப்பதைக் கணக்கெடுங்கள்

தாமும் திக்கிப் பேசியவரான அமெரிக்க உளவியலாளர் ஜோசஃப் ஷீஹன், திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். பிறர் காதில் விழும் திக்கல் நீருக்கு மேலே தெரியும் சிறு முனை; வெட்கமும் அச்சமும் தப்பித்தலும் நீருக்கு அடியில் கிடக்கும் பெரும்பகுதி. அந்த அடிப்பகுதியை அளப்பதுதான் முதல் வேலை. இதைத் தாண்டிவிட்டு அடுத்த படிகளுக்குப் போகாதீர்கள். எதை விட வேண்டும் என்று தெரியாமல் விட முடியாது.

தமிழில் சொற்களை முன்பின்னாக மாற்றினாலும் பொருள் கெடாது என்பதால், திக்கும் தமிழருக்கு ஒளிந்துகொள்ள இடம் அதிகம். ‘நாளைக்குச் சரக்கு வரும்’ என்பதில் ‘நா’ ஒட்டினால் ‘சரக்கு நாளைக்கு வரும்’ என்று சொல்லிவிடலாம். ‘பணம்’ வராவிட்டால் ‘காசு’. ‘சோறு’ வராவிட்டால் ‘சாதம்’. இரண்டும் வராவிட்டால் இங்கிலீஷ் சொல் ஒன்று இருக்கவே இருக்கிறது. ‘அது வந்து’, ‘என்னன்னா’ என்று ஓடி வந்து தாண்டுவதும் நம்மிடையே சாதாரணம். இந்த வித்தை எதுவும் செல்லாத இடங்கள் மூன்று: பெயர், ஊர், எண். அவற்றுக்கு மாற்றுச்சொல் கிடையாது. பள்ளியில் வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல முடியாமல், வகுப்பில் இருந்துகொண்டே வராதவர்களாகக் குறிக்கப்பட்டவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, 7 நாள்களுக்கு மட்டும், சொல்ல நினைத்தது என்ன, சொன்னது என்ன, அதனால் என்ன ஆயிற்று என்ற மூன்றையும் எழுதுங்கள். என் முதல் வாரத்து நோட்டில் இருந்தவற்றில் சில: டீ கேட்கப் போய்க் காபி வாங்கிக் குடித்தது, கோயம்புத்தூர் பேருந்தில் ‘கருமத்தம்பட்டி’ வாயில் வராமல், அதற்கும் அப்பால் இருக்கும் நீலாம்பூருக்கு டிக்கெட் எடுத்துக் கருமத்தம்பட்டியில் இறங்கியது, கூட்டத்தில் எனக்குத் தெரிந்த விடையைத் தெரியாது என்றது, சாய ஆலைக்குப் பேச வேண்டியதை உதவியாளரிடம் தள்ளிவிட்டு, அவர் தவறாகச் சொன்னதைத் திருத்த இரண்டு நாள் அலைந்தது. டீயும் டிக்கெட்டும் சில ரூபாய் விஷயம். தெரிந்ததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வரியை எழுதும்போதுதான் எனக்குக் கை நின்றது. வேலையில் என்னைப் பற்றி மற்றவர்கள் வைத்திருந்த மதிப்பீட்டை நானே பொய்யாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் படி: உங்கள் திக்கலை நீங்களே பாருங்கள்

திக்கும்போது நாம் கண்ணை மூடுகிறோம், முகத்தைத் திருப்புகிறோம், மனத்தால் அந்த இடத்தைவிட்டு ஓடிவிடுகிறோம். அதனால் பல ஆண்டுகள் திக்கிய பின்னும் திக்கும்போது உடலில் என்ன நடக்கிறது என்பது நமக்கே தெரிவதில்லை. அறையில் தனியே, ஒரு கண்ணாடியின் முன் உட்கார்ந்து, உண்மையான ஓர் அலுவலக அழைப்பைச் செய்யுங்கள். உங்கள் பக்கத்துப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு திக்கலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராயுங்கள். முதல் எழுத்து திரும்பத் திரும்ப வருகிறதா, இழுபடுகிறதா, ஒலியே இல்லாமல் அடைபடுகிறதா? உதடு ஒட்டுகிறதா, தொண்டை மூடுகிறதா? தலை ஆடுகிறதா, தொடையில் கை தட்டுகிறதா?

இரண்டு உண்மைகள் இதில் வெளிப்படும். நமக்கு ஒரு நிமிடம் போலத் தோன்றிய அடைப்பு பதிவில் பெரும்பாலும் சில விநாடிகளே இருக்கும். தலையாட்டலும் கண்சிமிட்டலும் திக்கலால் வந்தவை அல்ல, திக்கலிலிருந்து திமிறி வெளியேற நாம் கற்றுக்கொண்டவை. கற்றவற்றை விட முடியும். முதல் சில நாள்கள் பதிவைக் கேட்கவே மனம் கூசும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செய்ய வேண்டாம். ஆனால் தினமும் செய்யுங்கள்.

மூன்றாம் படி: ஒருவரிடம் சொல்லுங்கள்

‘எல்லாருக்கும்தான் தெரியுமே, என்ன சொல்வது?’ என்று தோன்றும். தெரிந்திருப்பது வேறு, பேசியிருப்பது வேறு. எங்கள் வீட்டில் 24 ஆண்டுகள் திக்கல் என்ற சொல்லையே யாரும் சொன்னதில்லை. “மெதுவாப் பேசு சாமி” என்று அம்மா சொல்வார்கள். நான் எழுந்து போய்விடுவேன். ஒரு நாள் இரவு சாப்பிடும்போது அவர்களிடம் சொன்னேன்: “நீங்க மெதுவாப் பேசுன்னு சொல்றப்போ எனக்கு இன்னும் அதிகமா ஒட்டுதுங்கம்மா. நான் முடிக்கற வரைக்கும் என் முகத்தைப் பாத்துட்டு இருந்தாப் போதும்.” இதைச் சொல்லும்போதே மூன்று இடங்களில் திக்கினேன். அம்மா தட்டில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிறுவயதில் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவியதற்காக வருத்தப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஒருமுறைகூட ‘மெதுவா’ என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை.

முதலில் சொல்வதற்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்களுக்கு உடனே அறிவுரை சொல்லாதவராகப் பாருங்கள். என்ன இருக்கிறது, அவர் என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்ற இரண்டை மட்டும் சொல்லுங்கள். வாக்கியத்தை நம் சார்பில் முடித்துவைக்க வேண்டாம், கண்ணை எடுக்க வேண்டாம் என்ற இரண்டுமே பெரும்பாலும் போதும்.

திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெண் பார்க்கும் அன்று மாப்பிள்ளையோ பெண்ணோ அதிகம் பேசாமல் பார்த்துக்கொண்டால் ‘தெரியாது’ என்று பெரியவர்கள் ஏற்பாடு செய்வதுண்டு. அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். நிச்சயத்துக்கு முன்பே, தொலைபேசியிலாவது அந்தப் பெண்ணிடமோ பையனிடமோ திக்கிப் பேசிவிடுங்கள். ஒளித்துக் கட்டிய தாலிக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயும் ஒளிய வேண்டிவரும். ஓய்வெடுக்க வேறு இடமே இருக்காது.

நான்காம் படி: வேண்டுமென்றே திக்குங்கள்

திக்கல் பயிற்சிகளில் இதுவே மிகக் கடினமானது, எனக்கு மிகுந்த பயன் தந்ததும் இதுவே. திக்காமல் சொல்ல வரும் ஒரு சொல்லில், நீங்களாகவே, நிதானமாக, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு திக்க வேண்டும். மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் திக்கல் சிகிச்சையை வளர்த்த சார்ல்ஸ் வான் ரைப்பர், தாமும் திக்கியவர். அச்சத்தைக் குறைக்கும் கட்டத்தை, பேச்சைத் திருத்தும் கட்டத்துக்கு முன்னால் அவர் வைத்ததற்குக் காரணம் உண்டு. பயப்படும் வாய் எந்தப் பயிற்சியையும் ஏற்பதில்லை.

எளிதிலிருந்து கடினத்துக்கு ஓர் ஏணி போட்டுக்கொள்ளுங்கள். என் ஏணியின் முதல் படி டீக்கடை: “ஒரு டீ… டீ… டீங்க.” அடுத்து மளிகைக் கடை, அதன் பிறகு பேருந்து நடத்துநர், ரேஷன் கடை வரிசை, வங்கி மேசை, கடைசியில் அலுவலகம். வரிசையில் பின்னால் ஆள் நிற்கும் இடங்கள் எப்போதும் ஏணியில் மேலே இருக்கும். அவசரப்படுத்தும் கண்கள்தான் பயத்தின் வேர் என்பதால் அவற்றைக் கடைசிக்கு வையுங்கள். ஒரு படியில் நெஞ்சு படபடப்பு குறையும் வரை அங்கேயே இருங்கள், எத்தனை வாரமானாலும்.

டீக்கடையில் முதல் நாள் நான் வேண்டுமென்றே திக்கியபோது மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பத்து வருடம் நான் அஞ்சிய கண்கள் அவை. யாரேனும் சிரிப்பார்கள் என்பதும் உண்மைதான். என் கணக்கில் முதல் 50 முறையில் நான்கு பேர் சிரித்தார்கள். நான்கு பேருக்காக மற்ற 46 பேரிடமும் நான் ஒளிந்திருந்தேன்.

ஐந்தாம் படி: ஒட்டிய சொல்லிலேயே நில்லுங்கள்

இனி, உண்மையான திக்கல் வரும்போது செய்ய வேண்டியது. வான் ரைப்பர் கற்பித்த முறை மூன்று அடிகள் கொண்டது. கற்கும் வரிசையும் இதுவே. முதலில், திக்கிய சொல்லை எப்படியாவது சொல்லி முடித்த பிறகு, இரண்டு விநாடி நிறுத்தி, அதே சொல்லை இறுக்கமில்லாமல் இன்னொரு முறை சொல்லுங்கள். அது கைவந்த பின், திக்கலின் நடுவிலேயே, ஒட்டியிருக்கும் இடத்தை உணர்ந்து அந்த அழுத்தத்தை மெல்லத் தளர்த்தி வெளியே வாருங்கள். கடைசியாக, திக்கல் வரப்போகிறது என்று தெரிந்த சொல்லை, நாக்கும் உதடும் பட்டும் படாமலும் தொடும்படி தொடங்குங்கள். ‘க’ என்றால் நாக்கின் பின்பகுதி மேலே மோதாமல் தொட்டு விலக வேண்டும். ‘அ’ போன்ற உயிரெழுத்தில் தொண்டை மூடிக்கொண்டால், மூச்சுக் காற்று முதலில் சற்று வெளியேறிய பிறகு ஒலி வரட்டும்.

சொல்லை மாற்றாதீர்கள் என்பதுதான் இதில் அடிப்படை. கருநீலம் என்றால் கருநீலம்தான். சரளமாக வந்த ‘நீல’த்தைவிட, திக்கி வந்த ‘க… க… கருநீலம்’ வெற்றி என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நேர்முகத் தேர்வு

வேலை தேடுபவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான்: முன்கூட்டியே சொல்வதா, வேண்டாமா? விண்ணப்பத்தில் எழுத வேண்டியதில்லை என்பது என் கருத்து. அங்கே உங்கள் தகுதி மட்டும் இருக்கட்டும். அறைக்குள் உட்கார்ந்த முதல் நிமிடத்தில், பெயர் சொல்லும் இடத்தில், சொல்லிவிடுங்கள். பத்து நிமிடம் ஒளிந்துகொண்டிருந்துவிட்டு மாட்டிக்கொண்ட பின் சொன்னால் அது வாக்குமூலம் போல் ஆகிவிடும்.

எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் வேறுபாடு உண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கோர்ட்னி பேர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்புக் கேட்கும் தொனியில் தம் திக்கலைப் பற்றிச் சொன்னவரைவிட, செய்தியாகச் சொன்னவரைக் கேட்பவர்கள் மேலாக மதிப்பிட்டார்கள். “மன்னிக்கணும் சார், எனக்குப் பேச்சு சரியா வராது” என்பதை வழக்கத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். “நான் திக்கிப் பேசுபவன். சில சொற்களுக்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன். ஏதேனும் புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள்.” இவ்வளவுதான். இதை வீட்டில் 20 முறையாவது உரக்கச் சொல்லிப் பழகுங்கள். திக்காமல் சொல்வதற்காக அல்ல, கண்ணைத் தாழ்த்தாமல் சொல்வதற்காக.

ஒரு நிறுவனத்தில் இதைச் சொன்னதும், “இது பையர்கிட்டப் பேசற வேலைங்க, உங்களுக்குச் சரிப்பட்டு வராது” என்று கோப்பை மூடிவிட்டார்கள். பையர்களோடு, அதாவது ஆடை வாங்கும் நிறுவனத்தாரோடு பேசுவதில் எனக்கு அப்போதே மூன்று ஆண்டு அனுபவம் இருந்தது. பேருந்து நிலையம் வரை அழுதுகொண்டே நடந்தேன். ஆகவே, சொல்லிவிட்டால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். குடும்பம் முழுவதும் உங்கள் ஒரு சம்பளத்தை நம்பி இருந்து, மாற்று வேலைக்கும் வழியில்லாத நிலையில், சொல்வதைச் சில மாதம் தள்ளிப்போடுவது கோழைத்தனம் அன்று. காலத்தை நீங்கள் தீர்மானியுங்கள். பயம் தீர்மானிக்க விடாதீர்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் வரும் ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’, குரல்வளை அகற்றப்படுதல், மூளைப் பாதிப்பால் மொழித்திறன் இழத்தல் போன்ற நிலைகளால் வரும் நிரந்தரக் குறைபாட்டைக் குறிப்பதாக வரையறுக்கப்பட்டுள்ளது. திக்கலுக்குச் சான்றிதழ் உறுதியாகக் கிடைத்துவிடும் என்று எண்ணி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

ஏழாம் படி: வேலையிடத்தில் அன்றாடம்

மேலாளரிடம் தனியே பேசும்போது பொதுவாக ‘உதவி வேண்டும்’ என்று கேட்காமல், செய்யக்கூடிய சிறு விஷயங்களாகக் கேளுங்கள். கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு வரும் சுற்றில் உங்களை முதலில் விடச் சொல்லலாம். தன் முறை வரும் வரை காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் நமக்கு நரகம் என்பது திக்காதவர்களுக்குத் தெரியாது. உங்கள் பேச்சுக்கு ஒதுக்கும் நேரத்தில் சில நிமிடம் கூட்டித் தரச் சொல்லலாம். உங்கள் வாக்கியத்தை வேறு யாரும் முடித்துவைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

தொலைபேசியில், அமைதியை மறுமுனையில் இருப்பவர் ‘லைன் கட்’ என்று எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். அதனால் அடிக்கடி பேசும் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு முறை சொல்லிவையுங்கள்: “நடுவுல சத்தம் வரலைன்னா நான் திக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம், வெச்சுடாதீங்க.” நாளின் மிகக் கடினமான அழைப்பைக் காலையில் முதலில் செய்துவிடுங்கள். மாலைவரை தள்ளினால், நாள் முழுவதும் அதை மனத்துக்குள் பேசிப் பேசியே களைத்துப்போவீர்கள்.

வாட்ஸ்அப் நமக்கு வரமும் பொறியும். ஷேட் (நிற) எண், அளவு, தேதி போன்றவற்றை எழுத்தில் அனுப்புவது எவருக்கும் நல்ல வழக்கம், அதைச் செய்யுங்கள். ஆனால், அனுப்பும் முன், ‘திக்கல் இல்லாவிட்டால் இதை நான் தொலைபேசியில் பேசியிருப்பேனா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் கைப்பேசியைக் காதில் வையுங்கள்.

கேலி செய்பவர்களைக் கூட்டத்தில் எதிர்கொள்ள வேண்டாம். அன்றே, தனியே அழைத்து, “நீங்க செஞ்சு காட்டினது என் பேச்சு. எனக்கு அது வலிக்குது. இனி வேண்டாம்” என்று சொல்லுங்கள். எழுத்தில் புகார் தருவது மூன்றாம் முறைக்கு என்பது என் வழக்கம். முதல் முறையே தர நேர்ந்தாலும் அது உங்கள் உரிமை.

எட்டாம் படி: பழைய கணக்கைத் தீருங்கள்

மறைப்பதற்காகச் சொன்ன பொய்களில் இன்னும் யாரையாவது பாதித்துக்கொண்டிருப்பவை இருந்தால், போய்ச் சொல்லிவிடுங்கள். நூல் கடைக்காரரிடம் நான் போனது அந்தச் சம்பவம் நடந்து ஏழு மாதம் கழித்து. கடையில் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கருநீலம் என்று என்னால் சொல்ல முடியாமல் போனதையும், அவர் மேல் பழி போட்டதையும் சொன்னேன்; அன்றும் ‘க’ ஒட்டியது. அவர் கையில் இருந்த கோனைக் கீழே வைத்தார். “அன்னிக்கே தெரியும்ங்க தம்பி. மூச்சுச் சத்தம் கேட்டுதுங்க. நாந்தான் ஹலோ ஹலோன்னு அவசரப்படுத்திட்டனுங்க. இனி எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுத்துக்கங்க, நான் வெக்க மாட்டேன்” என்றார். மேலாளரிடம் மறுநாள் சொன்னேன். அவர் கோபப்பட்டார், அது நியாயமே.

ஒன்பதாம் படி: துணை தேடுங்கள்

தனியாகவே இவ்வளவும் செய்ய முடியும் என்றாலும், பேச்சுப் பயிற்சி வல்லுநர் ஒருவர் துணை இருந்தால் பாதை குறையும். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் தொழில் செய்வது சட்டப்படி சரியன்று. முதல் சந்திப்பிலேயே, “எனக்குத் திக்காமல் பேசுவது இலக்கு இல்லை, தவிர்க்காமல் பேசுவதே இலக்கு” என்று சொல்லிவிடுங்கள். 1965-இல் தொடங்கப்பட்ட மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் நம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நாள் பயணத்தில் எட்டக்கூடியது. சில வாரத்தில் முழு குணம் என்று உத்தரவாதம் தரும் விளம்பரங்களிடமிருந்து விலகி நில்லுங்கள். அப்படி ஓர் இடத்தில் என் அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம் போனது போனதுதான். பயிற்சி முடிந்த மூன்றாம் வாரமே திக்கல் திரும்பியது, அதை என் குற்றமாக எடுத்துக்கொண்டு இன்னும் ஆழமாக ஒளிந்தேன்.

திக்குபவர்களைச் சந்தியுங்கள். 2008 முதல் இயங்கும் இந்தியத் திக்குவாய்ச் சங்கம் தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. பல ஊர்களில் சுய உதவிக் குழுக்களும் இணையவழிச் சந்திப்புகளும் உண்டு. 20 பேர் திக்கும் ஓர் அறையில், யாரும் யாரையும் அவசரப்படுத்தாமல் இருக்கும்போது கிடைக்கும் நிம்மதியை வேறு எங்கும் நான் கண்டதில்லை. 1998 முதல் ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 22 உலகத் திக்கல் விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அலுவலகத்தில் இதைப் பற்றிப் பேச்செடுக்க அந்த நாள் ஒரு நல்ல சாக்கு. திக்கலோடு சேர்ந்து மனச்சோர்வு உங்களை அழுத்தினால், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அழையுங்கள், அங்கேயும் திக்கலாம்.

பத்தாம் படி: மோசமான நாள்களுக்கான ஏற்பாடு

தூக்கம் கெட்ட நாளிலும், காய்ச்சல் வந்த நாளிலும், ஷிப்மென்ட் நெருக்கும் வாரத்திலும் திக்கல் கூடும். சில நாள்களில் காரணமே இல்லாமல் கூடும். பல மாதம் நன்றாகப் போன பிறகு வரும் அந்த நாளில், எல்லாம் வீணாகிவிட்டது என்று தோன்றும். பழைய வித்தைகள் அத்தனையும் தாமாகவே வாய்க்கு வரும். சென்ற மாதம் எனக்கும் வந்தது. வரவேற்பறையில் பெயர் கேட்டார்கள். விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டிவிட்டேன்.

அப்படிப்பட்ட நாளில் ஏணியின் உச்சிக்குப் போகாதீர்கள். முதல் படிக்கு இறங்குங்கள். அன்றிரவே பழைய நோட்டை எடுத்து, ஒளித்ததை ஒரு வரியில் எழுதி, அதன் கீழே மறுநாள் காலை யாரை அழைக்க வேண்டும், அவரிடம் சொல்ல வேண்டிய முதல் சொல் எது என்று எழுதிவையுங்கள். விசிட்டிங் கார்டை நீட்டிய அன்று நான் எழுதியது: ‘நாளை 9.30. அதே வரவேற்பறை. முதல் சொல், என் பெயர்.’